மோதிரம் கழன்றால்தான் ஸ்கேன்

எங்கள் தொழிலில் படம் எடுப்பது சுலபம். அதற்குமுன் மனிதர்களிடமிருந்து உலோகத்தைப் பிரித்தெடுப்பதுதான் பெரும்பாடு. புதுக்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. டெக்னீசியனாக இருக்கிறேன். அந்த மிஷின் ஒரு ராட்சதக் காந்தம். கொலுசு, தாயத்து, அரைஞாண் எல்லாம் வெளியே வந்தால்தான் ஆள் உள்ளே போகலாம். வாசலில் நின்று கழற்றிக் கழற்றிக் கொடுத்த சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா?

ஏழு ஊக்கு

தாலியைக் கழற்றப் பெண்கள் தயங்குவார்கள் என்று மஞ்சள் கயிறும் மஞ்சள் கிழங்கும் மேஜையிலேயே வைத்திருப்போம். அதைக் கட்டிக்கொண்டு சரட்டைக் கழற்றலாம். நார்த்தாமலையிலிருந்து தலைவலிக்காக வந்த அம்மா மறுபேச்சில்லாமல் கட்டிக்கொண்டார். சரட்டில் ஏழு ஊக்கு தொங்கியது. எல்லாவற்றையும் சேர்த்துக் கணவரிடம் நீட்டினேன். அம்மா தடுத்தார்.

"தாலிய அவருகிட்டக் குடுங்க, ஊக்க மட்டும் நீங்க வச்சிருங்க. அவரு தொலைச்சுப்புடுவாரு."

வராத மோதிரம்

கருப்பையா, மணமேல்குடியில் மீன் வண்டி ஓட்டுபவர். நேரே இருப்பது தெரிகிறது, பக்கவாட்டில் வருவது தெரியவில்லை. இரண்டு தடவை மூக்குக்கண்ணாடி மாற்றியும் பலனில்லை. போன மாதம் வண்டியை ஒரு டீக்கடைப் பந்தலில் உரசியிருக்கிறார். கண் டாக்டர் தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பார்வை போனால் ஸ்டியரிங்கும் போச்சு, வேறு வேலை அவருக்குத் தெரியாது.

கல்யாண மோதிரம் வர மறுத்தது. சோப்பு, தேங்காய் எண்ணெய், நூல், எல்லாம் தோற்றன. ஸ்கேன் படம் பார்த்து ரிப்போர்ட் எழுதும் எங்கள் டாக்டரம்மா வந்து அவர் விரலைப் பார்த்தார், காலைப் பார்த்தார், செருப்பு அளவு கேட்டார். "ஏழு போட்டவரு, இப்பப் பத்து" என்றார் மனைவி செல்வி. டாக்டரம்மா முகம் மாறியது. மோதிரத்தை நகைப் பட்டறையில் வெட்டச் சொன்னோம். மாமனார் போட்டதென்று கருப்பையா கையை இழுத்துக்கொண்டார். செல்வி விடவில்லை.

"மோதிரத்த ஒட்ட வச்சுக்கலாம். கண்ண எங்க போயி ஒட்ட வைக்கிறது?"

ஆதார் படம்

மூக்குக்குப் பின்னால், மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி உண்டு. கருப்பையாவுக்கு அந்த இடத்தில் நெல்லிக்காய் அளவுக் கட்டி. மேலே போகும் கண் நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா பழைய போட்டோ கேட்டார். கிடைத்தது ஆதார் கார்டுதான். ஆதார் படத்தில் யார் ஆள் மாதிரி இருக்கிறார்கள் என்று நான் சிரித்தேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அந்தப் படத்தைவிட இப்போது தாடையும் மூக்கும் வளர்ந்திருந்தன; கட்டி அளவுக்கு மீறிச் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன்தான் விரலையும் காலையும்கூடப் பெருக்க வைத்திருக்கிறது என்றார். "தெனம் பாக்குற எனக்கே தெரியலையே" என்று செல்வி அழுதார். சிரித்ததற்கு நான் வெட்கப்பட்டேன்.

புற்றுநோய் மாதிரித் தெரியவில்லை, ரத்தமும் சோதித்துவிட்டுக் கட்டியை மூக்கு வழியாகவே எடுத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. கருப்பையா மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப மூக்கு பெருசானதும் ஒரு வகைக்கு நல்லதாப் போச்சுங்க."

மறைத்த ஊசி

மதுரையில் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் கழித்து மறு ஸ்கேனுக்கு வந்தார். பார்வை திரும்பியதா என்று கேட்க எனக்குப் பயம். மேலே பார்த்துப் படுக்கச் சொல்லிவிட்டு, மருந்து ஏற்றும் ஊசியை வழக்கம்போல் நோயாளி பார்க்காமல் பக்கவாட்டில் தாழ்த்திக் கொண்டுபோனேன். கண்ணை அசைக்காமல் படுத்திருந்தவர் கையை மட்டும் வெடுக்கென்று இழுத்தார்.

"அங்கிட்டு ஊசி வச்சிருக்கீங்கல்ல. தெரியுதுங்க."

நோயாளி கையை இழுத்துக்கொண்டதற்காக நான் கண் கலங்கி நின்றது இத்தனை வருஷத்தில் அந்த ஒரு தடவைதான்.