டுவெய்ன் பார்த்த ராக்கெட்

ஒன்பது வயதிலிருந்து பதினொரு வயது வரை ஆர்லிஸ் ஹாகன் உலகத்தைக் கண்ணாடியில்தான் பார்த்தாள். இரும்பு நுரையீரல் என்று சொல்லப்பட்ட அந்த மூச்சு எந்திரத்துக்குள் உடம்பு முழுக்கக் கிடக்கும். தலை மட்டும் வெளியே, கழுத்தைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை. தலைக்கு மேலே சாய்வாக ஒரு கண்ணாடி. வார்டுக்கு வருகிறவர்கள், சுவர்க் கடிகாரம், ஜன்னல், எல்லாம் அதில் இடவலம் மாறித் தெரியும். நர்ஸின் சட்டையில் குத்தியிருக்கும் பெயரைப் பின்னாலிருந்து படிக்க ஒரே வாரத்தில் பழகிவிட்டாள்.

1959 கோடையில் டி மாய்ன் பக்கம் போலியோ வந்தது. தடுப்பூசி வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அண்ணன்மார் இருவருக்கும் போட்டாயிற்று. ஊசி போடுகிற அன்று ஆர்லிஸுக்குச் சளி. "அடுத்த தடவை போட்டுக்கலாம்" என்று அம்மா லவான் சொல்லிவிட்டாள். அந்த ஒரு வார்த்தைக்காக லவான் சாகும்வரை தன்னை மன்னிக்கவில்லை. மற்றவர்கள் மன்னித்தார்களா என்று யாரும் கேட்டுப் பார்த்ததும் இல்லை.

பக்கத்து எந்திரத்தில் டுவெய்ன் ஹூக்ஸ்ட்ரா. ஆர்லிஸைவிட ஐந்து வயது மூத்தவன், பன்றிப் பண்ணைக்காரர் மகன், வாய் மட்டும் ஊருக்கே போதும். எந்திரம் காற்றை வெளியே தள்ளும்போதுதான் அதில் கிடப்பவர்களால் பேச முடியும். உள்ளே இழுக்கும்போது பாதி வார்த்தையில் நின்றுவிட வேண்டியதுதான். டுவெய்ன் கிண்டல் செய்வதற்கே அந்த இடைவெளியைப் பயன்படுத்துவான். ஆளைக் காக்கவைத்து, அடுத்த மூச்சில் போட்டுவிடுவான்.

அவனுக்கு ராக்கெட் பைத்தியம். தாதி மிஸஸ் பாய்டைக் கெஞ்சிக் கூத்தாடி, பத்திரிகையில் வந்த படங்களை எல்லாம் தன் எந்திரத்தின் மேலே ஒட்டவைத்திருந்தான். மனிதனை முதல்முதலாக விண்வெளிக்கு அனுப்ப நம்முடைய அமெரிக்க ஆட்கள் தயாராகிக்கொண்டிருந்த காலம். 1961 ஏப்ரலில் ரஷ்யாக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். இரண்டு நாள் டுவெய்ன் யாரோடும் பேசவில்லை. வார்டில் இருந்தவர்கள் அந்த இரண்டு நாளும் நிம்மதியாக இருந்தார்கள்.

ஆர்லிஸின் கவலை வேறு. அவளுக்கு வீட்டுக்குப் போக வேண்டும்.

நெஞ்சின் மேல் கவிழ்த்து வைக்கிற சின்ன எந்திரம் ஒன்று வந்திருந்தது. அதை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். ஆனால் பனிக்காலத்தில் பண்ணைப் பக்கம் கம்பி அறுந்து மின்சாரம் போய்விடும். போனால் டிராக்டரைக் கிளப்பி, அதில் ஜெனரேட்டரை மாட்டி ஓட்டவேண்டும். டாக்டர் கேட்டதற்காக ஆர்லிஸின் அப்பா ஒருநாள் பனியில் ஓடிப்போய்ச் செய்து பார்த்தார். பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. டாக்டர் மூன்றைக் கூட்டினார். பதினைந்து நிமிடம் எந்திரமே இல்லாமல் தானாக மூச்சு விடட்டும், அதை நான் என் கண்ணால் பார்க்கிறேன், அடுத்த வாரமே அனுப்பிவிடுகிறேன் என்றார்.

மார்புத் தசை செத்துப்போனவள் எப்படித் தானாக மூச்சு விடுவாள்? அதற்கு ஒரு வித்தை உண்டு. வாயைத் திறந்து காற்றைக் கவ்வி, நாக்கால் தள்ளித் தொண்டை வழியாக விழுங்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு வாய் விழுங்கினால் ஒரு மூச்சு. தவளை மாதிரி இருக்கும். பயிற்சி கொடுக்கும் மிஸஸ் கெஸ்லர் எட்டு மாதமாகச் சொல்லிக்கொடுத்தும் ஆர்லிஸ் ஒன்பது நிமிடத்தைத் தாண்டவில்லை. ஒன்பதில் பயம் வந்துவிடும். பயம் வந்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

"என்ன தவளை, இன்னைக்கும் ஒம்பதுதானா?" என்பான் டுவெய்ன்.

"நீ நாலு நிமிஷம் கூடத் தாண்டலை. பேச வந்துட்டான், பன்னிக்காரன்."

"நான் மேல போறவன்டி. எனக்கு எந்திரத்தோடதான்... டிக்கெட்டு."

மே மாதம் ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு ராக்கெட் புறப்படும் நாள் குறித்தார்கள். மேலே போய்க் கடலில் வந்து விழுவதற்குப் பதினைந்து நிமிடம் என்று பேப்பரில் வந்தது. மிஸஸ் பாய்ட் அதைப் படித்துக் காட்டியபோது ஆர்லிஸ் சட்டென்று சொன்னாள்: "அந்த ஆளு போறப்ப நானும் போறேன்."

"எங்கே?"

"வெளியே. பதினஞ்சு நிமிஷம். டாக்டர் எப்படியும் டிவி பார்க்க இங்கதானே வருவார்?"

வார்டுக்கென்று டிவி கிடையாது. நர்ஸ்கள் விடுதியிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து, முடிந்ததும் உருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அன்றைக்கு விடியும் முன்பே கொண்டுவந்து உயரமான மேஜையில் வைத்து, ஒவ்வொரு கண்ணாடியையும் அதில் படம் விழும்படி திருப்பிவைத்தார் மிஸஸ் பாய்ட். டுவெய்னின் கண்ணாடிக்கு மட்டும் பத்து நிமிடம் ஆயிற்று. இன்னும் கொஞ்சம் மேலே, இன்னும் ஒரு மயிரிழை இடதுபக்கம் என்று உயிரை எடுத்துவிட்டான்.

ஆறு இருபதுக்குப் புறப்படும் என்றார்கள். மேகம் என்று எண்ணிக்கையை நிறுத்தினார்கள். மறுபடி எண்ணினார்கள். ஏதோ கருவியைச் சரிபார்க்க வேண்டும் என்று மறுபடி நிறுத்தினார்கள். மூச்சுப் பயிற்சிக்கு முன்னால் சாப்பிடக் கூடாது என்பதால் ஆர்லிஸ் வெறும் வயிற்றோடு கிடந்தாள். ஏழு ஆயிற்று, எட்டு ஆயிற்று.

"இப்பவே ஆரம்பிச்சிடலாம், ஆர்லிஸ். களைச்சுப் போயிடுவே" என்றார் மிஸஸ் கெஸ்லர்.

"அந்த ஆளும் காலையிலேர்ந்து உள்ளேயேதானே கிடக்கார். நானும் கிடக்கேன்."

எட்டரை தாண்டி எண்ணிக்கை கடைசிக்கு வந்தது. எந்திரத்தைத் திறந்தார்கள். மிஸஸ் கெஸ்லரும் டாக்டரும் அவளைத் தூக்கிப் பக்கத்துக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். அங்கே கண்ணாடி இல்லை. தலையைத் திருப்பக் கழுத்தில் வலு இல்லை. வெள்ளைக் கூரையும் அதில் ஒரு தண்ணீர்க் கறையும்தான் தெரிந்தன. டாக்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். ராக்கெட் கிளம்பியது.

வார்டே கத்தியது. ஆர்லிஸ் காற்றைக் கவ்வி விழுங்கினாள். கவ்வி விழுங்கினாள். டிவிக்காரர் என்னவோ சொல்லிக்கொண்டே போனார். பக்கத்திலிருந்து டுவெய்னின் குரல் மட்டும் எந்திரம் விட்ட நேரமெல்லாம் வந்தது. "விழுங்கு... இன்னொண்ணு... அவசரப்படாதே."

ஒன்பதாவது நிமிடத்தில் வழக்கமான பயம் வந்தது. தொண்டை அடைத்தது. கூரையின் கறை கறுத்துக்கொண்டு வந்தது. நாக்கைச் சொடுக்கினால் உள்ளே தூக்கிப் போட்டுவிடுவார்கள், அதுதான் அடையாளம். சொடுக்கலாமா என்று நினைத்தாள்.

"ஏய் தவளை! தூங்கிட்டியா? வாயைத் திற. பெருசா திற. உங்கம்மா வெளியே... காத்துக்கிட்டிருக்கா."

கோபம் வந்தது. கோபத்தில் வாயைத் திறந்தாள், காற்று போயிற்று. பிறகு இன்னொரு வாய், இன்னொன்று. எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியவில்லை. திடீரென்று எல்லோரும் கைதட்டினார்கள். கடலில் இறங்கிவிட்டார், உயிரோடு இருக்கிறார் என்றார் டிவிக்காரர். டாக்டர் அப்போதுதான் உள்ளங்கையைப் பார்த்தார்.

"அடக் கடவுளே, பதினாறு ஆயிடுச்சு! உள்ளே போடுங்க, உள்ளே போடுங்க!"

வராந்தாவில் காத்திருந்த அம்மா லவான் வீட்டுக்குப் போன் போட ஓடினாள்.

ஆர்லிஸ் சாயங்காலம் வரை தூங்கினாள். எழுந்தபோது டிவி போய்விட்டிருந்தது. "எப்படிப் போச்சு, சொல்லேன்" என்று டுவெய்னைக் கேட்டாள். அவன் ஒரு வாரம் சொன்னான். முதலில் அது போகவே போகாது என்று நினைத்தானாம். நின்ற இடத்திலேயே நடுங்கியதாம். புகையெல்லாம் அடங்கி, இவ்வளவுதான், விழப்போகிறது என்றே தோன்றியதாம். அப்புறம் என்னவோ ஒரு வீம்பு வந்த மாதிரி பிடித்துக்கொண்டு போயிற்றாம். "சின்னதுதான். ஆனா என்ன... பிடிவாதம் அதுக்கு!"

வீட்டுக்குப் போகிற அன்று அவளைத் தள்ளுவண்டியில் அவன் தலைமாட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஆர்லிஸுக்கு அழக் கூடாது என்று வைராக்கியம்.

"உனக்கு ராக்கெட், எனக்கு வீடு. சரியாப் போச்சு" என்றாள்.

எந்திரம் ஒருமுறை இழுத்து விட்டது. "ஆமா. சரியாப் போச்சு" என்றான் டுவெய்ன்.

1963 பிப்ரவரியில் நிமோனியா வந்து அதே வார்டில் செத்துப்போனான். பதினெட்டு வயது. செய்தி தபாலில் வந்தது.

ஆர்லிஸ் படித்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போகாமலே, தொலைபேசிக் கம்பி வழியாக வகுப்பைக் கேட்டுப் படித்தாள். பிறகு கால்நடை டாக்டருக்கும் குழாய் ரிப்பேர்காரருக்கும் வருகிற போனை வீட்டிலிருந்தே, தலையில் மாட்டிய கருவியில் பேசுகிற வேலை. நடுக்கோடையில் கன்று பாதியில் மாட்டிக்கொண்டது என்று அலறுகிற விவசாயியை அவளைப்போல அமைதிப்படுத்த இந்த மாவட்டத்தில் ஆள் கிடையாது. மூச்சு விடச் சொல்லித்தான் ஆரம்பிப்பாள். அது சக்கர நாற்காலியிலிருந்து வருகிற குரல் என்று பாதிப் பேருக்குத் தெரியாது.

வருஷத்துக்கு ஒருமுறை ஆரம்பப் பள்ளியில் அவளைக் கூப்பிட்டு, முதல் ராக்கெட்டை டிவியில் பார்த்த கதையைச் சொல்லச் சொல்வார்கள். நடுங்கியது, விழப்போனது, பிடித்துக்கொண்டு போனது என்று டுவெய்ன் சொன்னபடியே சொல்வாள். அந்த விண்கலம் கிளம்பிய படத்தைப் பின்னாளில் எத்தனையோ தடவை டிவியில் காட்டினார்கள். அதில் அது நடுங்கவே இல்லை, நேராக எழும்பிப் போயிற்று. ஆரம்பத்தை வெட்டிவிட்டார்கள், அன்றைக்கே பார்த்தவன் சொன்னதுதான் சரி என்று ஆர்லிஸ் அடித்துச் சொல்வாள்.

1986 ஜூனில், பழைய வார்டுக்காரர்கள் டி மாய்ன் பூங்கா ஒன்றில் கூடினார்கள். பன்றி இறைச்சி ரொட்டி, உருளைக்கிழங்குக் கலவை, எலுமிச்சைச் சாறு. மிஸஸ் பாய்டும் வந்திருந்தார், எழுபத்தெட்டு வயது, குரல் மட்டும் அப்படியே. மேஜையைச் சுற்றியிருந்த குழந்தைகளுக்கு ஆர்லிஸ் வழக்கம்போல ராக்கெட் கதையைச் சொன்னாள். டுவெய்ன் பார்த்ததாக அவள் சொன்ன இடத்தில் மிஸஸ் பாய்ட் சிரித்துவிட்டார்.

"யாரு, டுவெய்னா? அவன் எங்கே பார்த்தான், கண்ணு?"

"என்ன சொல்றீங்க? அவன்தானே எனக்குச் சொன்னான்?"

"உன்னை வெளியே எடுத்துப் படுக்க வெச்சாங்க பாரு, அப்ப என்னைக் கூப்பிட்டான். கண்ணாடியை இவ பக்கம் திருப்புங்கன்னான். டேய், காலையிலேர்ந்து என் உயிரை வாங்கி வெக்கச் சொன்னியே, இப்பப் போய்த் திருப்பச் சொல்றியேன்னு கேட்டேன். ராக்கெட்டுல போறவரை நாடே பார்த்துக்கிட்டிருக்கு மிஸஸ் பாய்ட், டாக்டரும் அவரைத்தான் பார்க்கறார், இவளை யாராவது பார்க்க வேண்டாமான்னான்."

ஆர்லிஸ் கதையை அங்கேயே விட்டுவிட்டாள்.

"பதினஞ்சு நிமிஷமுமா?"

"பதினாறு. அவன் கண்ணை எடுக்கவே இல்லை. நான்தான் ராக்கெட்டைப் பார்த்தேன். அதை நெனச்சா இன்னைக்கும் கூச்சமா இருக்கு."

ஆர்லிஸ் அழுதாள். தானாகத் துடைத்துக்கொள்ள அவளால் முடியாது. மிஸஸ் பாய்ட் காகிதக் கைக்குட்டையை எடுத்து, அந்தக் காலத்தில் செய்தமாதிரியே, கன்னத்திலிருந்து காது வரை ஒற்றி எடுத்தார்.

"உனக்கு ராக்கெட், எனக்கு வீடுன்னு சொல்லிட்டு வந்தேன், மிஸஸ் பாய்ட். அவனுக்கு ஒண்ணுமே கிடைக்கலையே."

"அவன் அப்படி நினைச்சதாத் தெரியலை, கண்ணு. நீ போன பிறகு ஒரு வருஷம், வர்ற டாக்டர் போற டாக்டர் எல்லார்கிட்டயும் அதே பீத்தல்தான். ராக்கெட்டைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. எங்க தவளை பதினாறு நிமிஷம் போச்சுன்னுதான் சொல்லிக்கிட்டே கிடந்தான்."