நாடகத்தில் ஊதிய சங்கு

நடுங்கும் குழந்தையிடம் "இது நிஜமில்லை, வெறும் நாடகம்" என்று சொல்வது சரியா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வீடு கடலூரை ஒட்டிய செம்மங்குப்பத்துக்குப் பக்கத்தில். ரசாயன ஆலைச் சங்கு எங்களுக்குப் புதிதல்ல. ஷிஃப்ட் மாறும்போது விட்டுவிட்டு ஊதும். யாரும் தலை நிமிர்வதில்லை. நிற்காமல் ஊதினால்தான் ஆபத்து. யூகேஜி படிக்கும் என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்: நிற்காமல் ஊதினால் விளையாட்டை விட்டுவிட்டு அம்மாவிடம் ஓடிவர வேண்டும், துணியை நனைத்து மூக்கில் வைத்துக்கொள்ள வேண்டும், வாயைத் திறந்து அழக் கூடாது.

என் கணவரின் அத்தை மகன் சிதம்பரத்தில் நாடகக் குழு வைத்திருக்கிறார். நடிப்பவர்கள் எல்லோரும் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். ஆலையில் வாயு கசிவதைப் பற்றி அவரே எழுதிய நாடகம். கடைசி ஒத்திகையைப் பார்த்துக் குறை நிறை சொல்ல என்னைக் கூப்பிட்டார்.

"நீ எம்.ஏ. தமிழ் படிச்ச பொண்ணு தங்கச்சி, மூஞ்சிக்கு நேரா சொல்லு. இவன்கிட்ட கேட்டா போண்டா நல்லா இருந்துச்சும்பான்."

"போன தடவ அது ஒண்ணுதான மச்சான் நல்லா இருந்துச்சு" என்றார் என் கணவர்.

சின்னக் கல்யாண மண்டபம். மேலேயிருந்து ஒரே ஒரு மைக் தொங்கியது. வசனம் பேச வேண்டியவர்கள் எல்லோரும், பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோல, அதன் அடியில் போய் முட்டிக்கொண்டார்கள். தொழிலாளியாக நடித்தவருக்கு நல்ல குரல். ஆனால் மனைவியிடம் பேசுவதையும் எங்களைப் பார்த்தே பேசினார். மனைவியாக நடித்தவர் ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர். கணவன் வரத் தாமதமாகும் காட்சியில் ஒரு சட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. இவர்தான் நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது சங்கு ஊதியது. எங்கள் பக்கத்து ஆலைச் சங்கைப் போனில் பதிவுசெய்து வந்திருந்தார்கள். நிற்கவே இல்லை. மேடையில் தொழிலாளி தொண்டையைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். மடியிலிருந்த மகள் இறங்கி, தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் துப்பட்டாவில் கொட்டினாள். ஈரத்துணியை முதலில் என் மூக்கில்தான் அழுத்தினாள். வாயை இறுக மூடிக்கொண்டு என்னை வாசல் பக்கம் இழுத்தாள். அவள் உடம்பெல்லாம் உதறியது.

"நாடகம்டி தங்கம், சும்மா. கை தட்டு" என்றேன்.

தட்டினாள்.

நாடகம் எழுதிய அண்ணன் மேடையிலிருந்து குதித்து வந்தார். "பாப்பாவே மார்க் போட்டுட்டா! இதுக்கு மேல என்னா வேணும் தங்கச்சி?"

மைக்கைப் பற்றியும் சட்டை மடித்ததைப் பற்றியும் சொன்னேன். சங்கு நன்றாக இருந்தது என்றும் சொன்னேன். உண்மை அதுதான். அது இல்லாவிட்டால் அந்த நாடகத்தில் ஒன்றுமில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் மகள் கேட்டாள். "அந்த மாமா செத்துட்டாரா?"

"இல்ல. எந்திரிச்சு டீ குடிச்சாரு, பாத்தல்ல?"

"அப்ப சங்கு ஊதுனா யாரும் சாக மாட்டாங்களா?"

தூங்கு என்றேன்.

அடுத்த வாரம் ஒரு காலை, சமையலறையில் இருந்தேன். நிற்காமல் சங்கு ஊதியது. துண்டை நனைத்தேன். மகள் ஓடிவரவில்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. கூடத்துக்கு ஓடினால், தரையில் தொண்டையைப் பிடித்தபடி கிடக்கிறாள். வாய் கோணியிருக்கிறது. தூக்கி மூக்கில் துண்டை அழுத்தியபோது ஒரு கண்ணைத் திறந்தாள்.

"நல்லா நடிச்சனாம்மா?"

அது சோதனைக்காக ஊதியதாம். முந்தின நாளே ஆட்டோவில் சொல்லிக்கொண்டு போனார்களாம். என் காதில் விழவில்லை. "டெஸ்டிங்தான, விடு" என்கிறார் கணவர். என்னால் விட முடியவில்லை. மேடையில் நடித்தவர்களைவிட அவள் நன்றாக நடித்தாள் என்பதுதான் என்னை இன்னும் பயமுறுத்துகிறது. நிஜமாகவே மூச்சுத் திணறினால் எனக்கு அடையாளம் தெரியுமா?

இப்போது அண்ணன் கடலூரில் அதே நாடகத்தைப் போடப் போகிறார். "சங்க இன்னும் ஜாஸ்தி நேரம் ஊத விடப்போறேன். மொத்த சனமும் எந்திரிச்சு ஓடணும்" என்று போனில் சிரித்தார். எங்கள் பக்கத்துக் குழந்தைகள் பலர் வருவார்கள். நடுங்கும் குழந்தைகளிடம் அவர்களின் அம்மாக்களும் நான் சொன்னதையே சொல்வார்கள். சங்கை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை. பெரியவர்கள் அந்தச் சத்தத்துக்கு ஒரு நாளாவது பயப்படட்டும் என்றும் தோன்றுகிறதே.

மேடையில் விழுந்தவர் எழுந்துவிடுவார், வெளியில் விழுந்தவர் எழாமலே போகலாம். இதை ஐந்து வயதுக் குழந்தைக்கு, அதன் தூக்கத்தைக் கெடுக்காமல், எப்படிச் சொல்வது? நாடகத்தில் அந்தச் சங்கு இருக்கட்டுமா, வேண்டாமா? குழந்தை வளர்த்தவர்களோ நாடகம் போட்டவர்களோ, தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். சீக்கிரம் எழுதினால் நல்லது.