கண்டலடி அம்மன்

கனகாம்பிகைக்கு எதையும் உடனே விளங்கிக்கொள்ளும் பழக்கம் இல்லை. பழிப்பதற்காகச் சொல்லவில்லை. அந்த நாட்களில் எல்லாம் விளங்கியது போலக் கதைத்துத் திரிந்த எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்களைவிட, ஒன்றும் விளங்கவில்லையே என்று முழித்துக்கொண்டு நின்ற அவளைத்தான் எனக்குப் பிடிக்கும்.

வல்வெட்டித்துறைக்குத் தெற்கே, ஆழமில்லாத பரவைக்கடல் ஓரத்தில் அவளுடைய வீடு. வீட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே உப்புச் சேறும் அதில் புதராய் அடர்ந்த கண்டல் பற்றைகளும்தான். ஆடு வளர்த்தாள். புருசன் எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர். வந்ததிலிருந்து வாய் திறப்பது சாப்பாட்டுக்கு மட்டுந்தான்.

அதற்கு அடுத்த வருசம் செபநாயகம் என்று ஒருவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலிருந்து, எங்கள் வாயில் கம்பஸிலிருந்து, வந்தார். செடி கொடி படிப்பிக்கிறவர். சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி, கண்டல்களுக்குள் நின்ற ஒரு பற்றையின் முன் அப்படியே நின்றுவிட்டார். மற்றவை வெள்ளையாகப் பூக்க, அது மட்டும் சிவப்பாகப் பூத்திருந்தது.

“அம்மா, உங்கடை ஆடு இதைக் கடிக்கிறதோ?”

“எட்டினால் கடிக்கும்தானே.”

“கடிக்க விடாதேங்கோ. நாங்கள் தேடிப் பார்த்த கரையளிலை இந்தச் சிவத்தப் பூக் கண்டல் எல்லாம் வெட்டுப்பட்டுப் போச்சுது. இது ஒண்டுதான் மிஞ்சிக் கிடக்கு. உப்புத் தண்ணி ஏறி வடியிற இந்தச் சேறுதான் இதுக்கு உயிர். காய் முத்தின பிறகு விதை எடுக்க வாறன். அதுவரைக்கும் நீங்கள்தான் காவல்.”

தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியட்டும் என்று, பையிலிருந்து சிவப்புத் துணித் துண்டொன்றை எடுத்துக் கொப்பில் கட்டிவிட்டுப் போனார். ஆட்டுக்கும் அடுப்புக்கும் உதவாத ஒரு பற்றைக்கு எதற்குக் காவல் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆனாலும் ஒரு படித்த மனிதர் தன்னை நம்பி ஒன்றை ஒப்படைத்தது அவளுக்குப் பெருமையாக இருந்தது. சுற்றிவரப் பனைமட்டையால் வேலி அடைத்தாள்.

மனிதர் திரும்பி வரவில்லை. கனடாவுக்குப் போய்விட்டார் என்றார்கள். இல்லை, மானிப்பாயில்தான் இருக்கிறார் என்றும் சொன்னார்கள். இதற்குள் ஊரும் ஊராக இருக்கவில்லை. எண்பத்தேழில் ஆமி வந்து இளம் பொடியன்களைப் பிடித்துத் தெற்கே தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனது. பக்கத்து வளவுப் பூரணத்தின் மூத்தவனும் அதில் அகப்பட்டான்.

வேலி அடைத்த பற்றை. கொப்பில் சிவப்புத் துணி. சிவப்புப் பூ வேறு. எங்கள் ஆட்கள் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? யாரோ அம்மனுக்கு நேர்த்தி வைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்றே நினைப்பார்கள். பூரணமும் தன் சேலைக் கரையைக் கிழித்துக் கட்டினாள். கனகாம்பிகை ஓடிப்போய், “பூரணக்கா, உது கம்பஸ் ஐயா அடையாளத்துக்குக் கட்டினது” என்று சொல்ல வாயெடுத்தாள். பூரணத்தின் முகத்தைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது. சில மாதங்களில் பொடியன் உயிரோடு வந்து சேர்ந்தான்.

அதற்குப் பிறகு யாரால் என்ன சொல்ல முடியும்? கொப்புக் கொப்பாகத் துணி. வெள்ளிக்கிழமை தோறும் விளக்கு. கண்டலடி அம்மன் என்று பெயரும் ஆயிற்று. தானும் கும்பிடுவதா, விலகி நிற்பதா என்று கனகாம்பிகைக்குத் தெரியவில்லை. சில நாள் கும்பிட்டாள், சில நாள் ஆட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டாள்.

தொண்ணூறில் வடக்குக்கு மண்ணெண்ணெய் வரத் தடை வந்தபோது சனம் விறகுக்காகப் பரவைக்கடல் கண்டலையெல்லாம் வெட்டித் தள்ளியது. அந்தப் பற்றையை மட்டும் ஒருவரும் தொடவில்லை. காவல் வேலையை அம்மனே பார்க்கிறா, நல்லதுதானே என்று கனகாம்பிகைக்கு நிம்மதி வந்தது.

நிம்மதி நிலைக்கவில்லை. அம்மனைச் சேற்றில் நிற்க விடலாமா என்று பெண்கள் கூடிக் கதைத்தார்கள். எங்கள் ஊர் முத்துக்குமாருவின் மாட்டுவண்டியில் அச்சுவேலிப் பக்கமிருந்து செம்மண் வந்தது. பற்றையின் அடியில் கொட்டி, மிதித்து இறுக்கி, மெழுகி, மேடை போட்டார்கள். அடுத்த மாதம் பற்றை இலை தெரியாமல் பூத்துக் கொட்டியது. ஊர் முழுக்கக் குலவை போட்டது. பிறகு இலை பழுத்தது, கொப்பு நுனிகள் காய்ந்தன.

செபநாயகம் சேற்றைப் பற்றிச் சொன்னது கனகாம்பிகைக்கு அப்போதுதான் உறைத்தது. அன்புதான் அதைக் கொல்கிறது! மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனவளைப் பூரணம் மறித்தாள்.

“உனக்கென்ன விசரோ, கனகம்? அம்மன்ரை மேடையிலை மண்வெட்டி போடுவியோ? என்ரை சின்னவன் கிளாலியாலை, நேவி சுடுற கடலாலை, கொழும்புக்கெண்டு போனவன். போய்ச் சேர்ந்த செய்தி இன்னும் இல்லை. போன கிழமைதான் அவனுக்கெண்டு கட்டினனான்.”

கம்பஸ் ஐயாவின் கதையைச் சொன்னால் இவள் எதைப் பிடித்துக்கொண்டு இருப்பாள்? சொல்லாவிட்டால் பற்றை போய்விடும். எதைச் சொல்வது என்று தெரியாமல் நின்ற அந்த நேரத்தில் கனகாம்பிகையின் வாயிலிருந்து ஒரு பொய் வந்தது. பொய்தானா என்று பிறகு அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

“அக்கா, அம்மன் என்ரை கனவிலை வந்தவ. மூச்சு முட்டுதாம். மேடை வேண்டாமாம். உப்புத் தண்ணி காலிலை படவேணும், சேத்திலை நிக்கவேணும் எண்டு சொன்னவ.”

பூரணம் வீடுகளுக்கு நடுவே போகிற ஒழுங்கையில் இறங்கிக் குரல் கொடுத்தாள். பெண்கள் பனையோலைக் கடகங்களோடு வந்தார்கள். அன்று பின்னேரமே மேடை உடைந்தது. கரையோரம் வெட்டிவிட்ட வாய்க்காலால் உப்புத் தண்ணீர் ஏறி வந்து வேரை நனைத்தது. பற்றை தப்பிவிடும் என்று கனகாம்பிகைக்குத் தோன்றியது. அந்த நேரத்தில், முழங்கால் சேற்றில் நின்ற பூரணம் கடகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிட்ட வந்தாள். மற்றவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

“கனகம், கனவிலை வந்தவ... என்ரை சின்னவனைப் பற்றி ஏதும் சொன்னவவோ?”

கனகாம்பிகையிடம் இன்னொரு பொய் இருக்கவில்லை. உண்மையும் இருக்கவில்லை.

“முதல் மிச்சமாக் கிடக்கிற இந்த மண்ணை அள்ளுவம், அக்கா” என்றாள்.

பூரணம் அதை என்னவென்று எடுத்துக்கொண்டாளோ, கடகத்தை எறிந்துவிட்டு இரண்டு கைகளாலும் மண்ணைத் தோண்டத் தொடங்கினாள்.