ஜெராக்ஸும் ஒரிஜினலும்

அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது அடையாள அட்டையோடு சரி. மற்றபடி எல்லோருக்கும் அவர் ஜெராக்ஸ். அவர் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்கள்கூட "ஜெராக்ஸ் அண்ணன் இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். விவரம் தெரியாத ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, தன் சான்றிதழை நீட்டி "ரெண்டு காப்பி போடுங்க" என்று சொன்னதும் உண்டு.

பெயர் வந்த கதை பெரிய கதையில்லை. ஊர் உலகமே உருகிய பாடகர் ஒருவர் இருந்தார். ரேடியோவில் அவர் குரல் வந்தால் கை வேலையைப் போட்டுவிட்டு நிற்கிறவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருந்த காலம். அந்தக் குரல் அச்சு அசலாக இவர் தொண்டையிலும் இருந்தது. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் இவர் திரைக்குப் பின்னால் நின்று பாடியபோது, ரெக்கார்டைப் போட்டு ஏமாற்றுகிறார்கள் என்று ஒரு வாத்தியார் வந்து திரையை விலக்கியே பார்த்துவிட்டார். அன்றிலிருந்து பாடகர் ஒரிஜினல், இவர் ஜெராக்ஸ். இதில் இவருக்கு வருத்தம் ஏதுமில்லை. ஒரு மனுஷனுக்கு இதைவிடப் பெரிய பட்டம் உண்டா என்று நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

பகலெல்லாம் கடையின் பின்னறையில் லென்ஸைத் தேய்த்து பிரேமில் பொருத்துவார். காதில் உறுத்துகிறது, மூக்கில் வழுக்குகிறது என்று வருகிறவர்களை உட்காரவைத்து, கம்பியைச் சூடு காட்டி வளைத்து, திரும்ப மாட்டிவிட்டு முகத்தைப் பார்ப்பார். வாரக் கடைசியில் மாஸ்டரின் மெல்லிசைக் குழு. மாஸ்டருக்குக் கீபோர்டு. குழுவுக்கு ஒரு பழைய வேன் இருந்தது, அதைத் தள்ளுவதற்குத்தான் டிரம்ஸ்காரரைச் சேர்த்தோம் என்பார் மாஸ்டர். வரவேற்பு, பிறந்த நாள், பணி ஓய்வு விழா என்று எங்கே போனாலும் ஒரிஜினலின் பாட்டுகள்தான் ஓடும். பெரியவர்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்து நிற்பார்கள்.

அவர் மனைவியும் அந்தக் குரலுக்கு விழுந்தவள்தான். "இவ என் மூஞ்சியவே பாக்கல. பாட்டக் கேட்டே சரின்னுட்டா" என்பார் அவர். "பாத்திருந்தா யோசிச்சிருப்பேன்" என்று அவள் முடித்துவைப்பாள்.

குழுவில் பெண் குரலுக்கு டீச்சர். மழலையர் பள்ளியில் வேலை, தனியாக ஒரு மாடி வீட்டில் இருந்தாள். அவளிடம் ஒரு பழக்கம். ஜோடிப் பாட்டு என்றால் கையிலிருக்கும் தாளையும் பார்க்கமாட்டாள், கூட்டத்தையும் பார்க்கமாட்டாள். ஜெராக்ஸின் முகத்தையே பார்த்துக்கொண்டு பாடுவாள். முதல் வரியில் பிடித்த பார்வையைக் கடைசி வரியில்தான் விடுவாள். தனிப் பாட்டு பாடும்போது அப்படி ஒன்றும் கிடையாது, எல்லோரையும் போல எங்கெங்கோ பார்ப்பாள்.

குழுவில் இதைக் கிண்டல் செய்யாதவர்கள் இல்லை. ஜெராக்ஸின் மனைவி முதல் தடவை நேரில் பார்த்துவிட்டு வந்த மறுநாள் காலை, காபியில் சர்க்கரை இல்லை.

"அவங்க ஏன் உங்களையே பாக்கிறாங்க?"

"வரி மறந்துடக் கூடாதுன்னு பாக்கிறாங்க."

"மறக்கிறது நீங்கதானே. அவங்களுக்கு என்னிக்கு மறந்துது?"

அவர் அந்தக் காபியை அப்படியே குடித்து முடித்தார். அப்புறம் டீச்சர் இவர்கள் வீட்டுக்கு வந்து போக ஆரம்பித்தாள். இரண்டு வீட்டுப் பாத்திரங்களும் இங்கும் அங்குமாகக் கலந்தன. சர்க்கரை திரும்ப வந்தது. இவள் சந்தேகப்படத்தக்க பெண் இல்லை என்று மனைவி முடிவுக்கு வந்துவிட்டாள். அந்தப் பார்வைக்கு மட்டும் விளக்கம் கிடைக்கவில்லை. கலைஞர்கள் என்றால் ஏதாவது இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

இப்படிப் பல வருஷம் போன பிறகு ஒரு நாள் அந்தச் செய்தி வந்தது. ஒரிஜினலோடு ஒரு காலத்தில் கோரஸ் பாடிய பெண்கள் சிலர், அவர் தங்களிடம் நடந்துகொண்ட விதத்தைச் சொன்னார்கள். முதலில் ஒருத்தி, அவளைப் பார்த்து இன்னொருத்தி. ஒரிஜினல் மறுத்தார். எல்லாம் பொய், பொறாமை என்றார். ஊர் இரண்டாகப் பிரிந்து வழக்கம்போல வாய்க்கு வந்ததைப் பேசியது.

ஜெராக்ஸுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு லென்ஸை அளவு தப்பித் தேய்த்து வீணாக்கினார். கடைக்கு வந்தவர்கள், ஏதோ இவர் கூட இருந்து பார்த்தவர் மாதிரி, "என்ன ஜெராக்ஸ், உங்க ஆளு இப்படிப் பண்ணிட்டாரே?" என்று இவரிடமே கேட்டார்கள். "பாட்டு வேற, ஆளு வேற" என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். நமக்கு அது சுலபம். காதால் கேட்கிறவர்கள், வேண்டாமென்றால் நிறுத்திவிட்டுப் போகலாம். அவருக்கு அந்தப் பாட்டுப் பெட்டி தொண்டைக்குள் அல்லவா இருந்தது.

அந்த வாரம் ஒரு வரவேற்பு, பகல் நேரத்தில். மண்டபம் நிறையக் கூட்டம். ஒரிஜினலின் பிரபலமான ஜோடிப் பாட்டுக்கு முன்னால் எங்கோ ஒரு சின்னச் சிரிப்பு கேட்டது. யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும். ஜெராக்ஸுக்குச் சுருக்கென்றது. மாஸ்டர் வாசிக்க ஆரம்பித்ததைக் கை காட்டி நிறுத்திவிட்டு மைக்கில் பேசினார்.

"நான் இந்தக் குரலுக்குள்ளயே குடியிருக்கிறவன். அவர் எங்க மூச்சு விடுவார், எங்க மனசு கலங்குவார், எல்லாம் எனக்குத் தெரியும். யார் யாரோ இப்ப வந்து என்னமோ சொல்றாங்க. நான் சொல்றேன், இந்தக் குரலுக்குள்ள ஒரு அழுக்கும் கிடையாது."

கைதட்டல் மண்டபத்தைத் தூக்கியது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. தலைகால் புரியாமல் பாடினார். அன்றைக்குப் பாடியதுபோல அவர் என்றுமே பாடியதில்லை என்று டிரம்ஸ்காரர் பிற்பாடும் சொல்வார். டீச்சரும் பாடினாள், ஒரு சுரம் பிசகவில்லை. பாட்டு முடிந்ததும் மைக்கை ஸ்டாண்டில் மாட்டினாள், அதன் ஒயரை நிதானமாகச் சுற்றி வைத்தாள், வேனுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள்.

கூட்டத்தில் உட்கார்ந்திருந்த மனைவி, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்.

"இன்னிக்கு அவங்க உங்களப் பாக்கவே இல்ல."

"யாரு?"

"டீச்சர். பாட்டு முடியற வரைக்கும் தரையையே பாத்துட்டிருந்தாங்க."

"நீதானே பாக்கிறாங்க பாக்கிறாங்கன்னு சொல்லுவ. இப்ப பாக்கலைங்கறதும் குத்தமா?"

"விளையாடாதீங்க. என்னமோ சரியில்ல. நீங்க மைக்ல பேசினது எனக்கே பிடிக்கல. சொன்ன பொண்ணுங்க யாருன்னு உங்களுக்குத் தெரியுமா? அவங்க குரலுக்குள்ள போய்ப் பாத்தீங்களா?"

அவர் செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றார்.

அடுத்த ஒத்திகைக்கு டீச்சர் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று மாஸ்டருக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். அவளுடைய மூக்குக் கண்ணாடி ஒன்று, திருகாணி கழன்றது, ஜெராக்ஸிடம்தான் இருந்தது. அதைச் சரிசெய்து, துணியில் துடைத்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாடிப் படி ஏறினார்.

அவள் தரையில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துக்காக வண்ணத் தாளில் இலைகள் வெட்டிக்கொண்டிருந்தாள். உடம்புக்கு ஒன்றுமில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. அவர் கண்ணாடியைக் கொடுத்தார். அவள் மாட்டிக்கொண்டாள். பழக்க தோஷம், அவர் குனிந்து இரண்டு காதுப் பக்கமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்.

"நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா டீச்சர்?"

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"நான் உங்க குழுவுக்கு வர்றதுக்கு முன்னாடி அவர்கிட்ட கோரஸ் பாடப் போனேன் அண்ணா. கொஞ்ச நாள்தான். ஒரு நாள், வரி சரியா வரல, தனியா வா, சொல்லித் தர்றேன்னு கூப்பிட்டார். பின்னாடி வந்து நின்னார். காதுகிட்ட அந்த வரியப் பாடினார். பாடிக்கிட்டே கைய வெச்சார். நான் தள்ளினேன், அழுதேன். அவர் பாடறத மட்டும் நிறுத்தவே இல்ல."



"எந்தப் பாட்டு?" என்று ஜெராக்ஸ் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். கேட்கிற கேள்வியா அது. அவள் ஒன்றும் நினைக்காமல் பதில் சொன்னாள்.

"அன்னிக்குப் பாடினோமே, அதுதான்."

தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பப் பார்த்து, அது கிளம்பாமல் இருமிக்கொண்டிருந்தது. அவள் மறுபடியும் ஒரு இலையை எடுத்து வெட்டினாள்.

"அப்புறம் ரொம்ப நாள் பாடவே இல்ல. மாஸ்டர் கூப்பிட்டு வந்தேன். வந்து பாத்தா நீங்க. அதே குரல். முதல் நாளே ஓடிப் போயிருப்பேன். ஆனா நீங்க பாடி முடிச்சிட்டு, மைக்க எனக்குச் சரியான உயரத்துக்கு இறக்கி வெச்சுட்டு, ரெண்டடி தள்ளிப் போய் நின்னீங்க. உங்களுக்கு ஞாபகம் இருக்காது."

அவருக்கு ஞாபகம் இல்லை.

"நான் ஏன் உங்களையே பாத்துப் பாடுவேன்னு எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க. கண்ண மூடினா அவர் வந்துடுவார் அண்ணா. வேற எங்கயாவது பாத்தாலும் வந்துடுவார். அதான் உங்க மூஞ்சியவே பாத்துட்டிருப்பேன். இது இவர் வாய்தான், இவர் தொண்டைதான்னு சொல்லிக்கிட்டே பாடுவேன். அந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கும். அதுதான் ஆத்திரமா வரும். நான் எதுக்கு அத விட்டுக் குடுக்கணும்? உங்களப் பாத்துக்கிட்டே அதத் திரும்ப வாங்கி வெச்சிருந்தேன்." வெட்டிய இலையை ஓரமாக வைத்தாள். "அன்னிக்கு நீங்க பேசினப்புறம் உங்க மூஞ்சியும் அவர் மூஞ்சியாத் தெரிஞ்சுது."

அவர் அழுதார். வாய்விட்டு அழாமல் இருக்க முயன்றார், முடியவில்லை. அவள் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இதுவும் அவருக்கு வெட்கமாக இருந்தது, அவள் அழ வேண்டிய இடத்தில் தான் அழுது அவளை எழுந்திருக்கவைத்தது.

"மன்னிச்சுடும்மா" என்றார். டீச்சர் என்று கூப்பிட வாய் வரவில்லை.

"நீங்க பாடறத நிறுத்த வேணாம். நான் வரல, அவ்வளவுதான்."

"நான் அந்த மாதிரி இனிமே பாட மாட்டேன். ஆனா எனக்கு வேற குரல் தெரியாதேம்மா."

அவள் உட்கார்ந்து அடுத்த இலையை வெட்ட ஆரம்பித்தாள்.

அன்று வீட்டில் மனைவியிடம் அவர் முழுவதையும் சொல்லவில்லை. அது அவர் சொல்ல வேண்டிய கதை இல்லை. "அந்தப் பொண்ணுங்க சொன்னது நெஜம்" என்றார், அவ்வளவுதான். அவளும் எதையும் தோண்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

பிறகுதான் கஷ்டம். ஐம்பதைத் தாண்டிய ஆள் சொந்தக் குரலை எங்கே போய்த் தேடுவது? கடையில் முணுமுணுத்தாலும் ஒரிஜினல் வந்தார். துணி காயப்போடும்போது வந்தார். வரி முடிகிற இடத்தில் மூச்சை லேசாகக் கசியவிடுவது, மேலே போகும்போது மூக்குக்குக் கொஞ்சம் கொடுப்பது எல்லாம் ஒரு காலத்தில் தவமிருந்து கற்றுக்கொண்டவை. இப்போது அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியிருந்தது. செத்துப்போனவருக்காக என்றால் ஊரறிய அழலாம். இதற்கு எப்படி அழுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த மனிதரை அவர் அவ்வளவு நேசித்திருந்தார்.

"என் சொந்தக் குரல் எப்படி இருக்கும்னு உனக்காவது தெரியுமா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"ஏன் தெரியாது? சாவியத் தொலைச்சுட்டு என்னத் திட்டுவீங்களே, அது சுத்தமா சொந்தக் குரல்தான்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அங்கிருந்துதான் தொடங்கினார். பேசுகிற இடத்திலிருந்து மெல்ல எடுத்தார். ஒரு நாள் குளியலறையில் பாடிக்கொண்டிருந்தபோது, "யாருங்க உள்ள?" என்று மனைவி கதவைத் தட்டினாள். கேலிக்குத்தான் தட்டினாள். உள்ளே அவர் சோப்பும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தார் போல.

மாஸ்டரிடம் போய் இனிமேல் இப்படித்தான் பாடுவேன் என்றார். மாஸ்டர் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"யோவ், ஜனங்க உன்னக் கூப்பிடறதே அந்தக் குரலுக்குத்தான்யா."

"தெரியும் மாஸ்டர்."

"இது கொஞ்சம் கரகரன்னு இருக்கே."

"தெரியும்."

மாஸ்டர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். காரணம் கேட்கவில்லை. டீச்சர் ஏன் வருவதில்லை என்பதையும் இதையும் அவர் மனசுக்குள் கூட்டிப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். "சுருதியக் கொஞ்சம் இறக்கித் தர்றேன்" என்றார்.

டீச்சருக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. ஜெராக்ஸின் மனைவிதான் ஒரு பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில், "அவர் இப்ப வேற மாதிரிப் பாடறார். கேக்கக் கொஞ்சம் சுமார்தான். நேரம் இருந்தா வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

டீச்சர் வந்தாள். ஒத்திகை அறையில் கதவோரம் நின்றாள், பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. டிரம்ஸ்காரர் வாயெடுக்கப் போக, மாஸ்டர் முறைத்த முறைப்பில் அடங்கிவிட்டார். எல்லோரும் டீ குடித்தார்கள். பிறகு அவளே கேட்டாள்.

"அந்தப் பாட்டு எடுக்கலாமா?"

ஜெராக்ஸ் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "வேணாம்மா, வேற பாட்டு இருக்கு."

"அதுவே இருக்கட்டும் அண்ணா."

மாஸ்டர் வாசித்தார். ஜெராக்ஸ் மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கி வைத்தார், இரண்டடி தள்ளி நின்றார். எடுத்தார். கரகரப்பான, வெறும் குரல். மேலே போகிற இடத்தில் எட்டவில்லை, எட்டிய வரைக்கும் போய்விட்டுத் திரும்பினார். இதைக் கேட்டு யாரும் சாப்பாட்டை விட்டுவிட்டு வரமாட்டார்கள். பின்னால் அப்படித்தான் ஆயிற்று, அவரைக் கூப்பிடுகிறவர்கள் குறைந்துபோனார்கள். அன்று அவர் அதையெல்லாம் நினைக்கவில்லை. தன்னை அவள் பார்க்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது. அதே பார்வை, முகத்தில் பிடித்து விடாமல்.

அவள் முறை வந்தது. பையை நாற்காலியில் வைத்துவிட்டு மைக்குக்கு வந்தாள், தன் வரியைப் பாடினாள். அவர் அடுத்ததை எடுத்தார். இருவரும் சேர்ந்து பாட வேண்டிய இடம் வந்தபோது அவர் திரும்பிப் பார்த்தார்.

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள்.

அவருக்குக் குரல் நின்றுவிட்டது. அவள் நிறுத்தவில்லை, கண்ணையும் திறக்கவில்லை. மாஸ்டர் அந்த இடத்தையே இன்னொரு தடவை வாசித்தார், ஜெராக்ஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்து சேர்ந்துகொண்டார்.