டேட்டாவைத் தின்றது யார்

பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்களை மறுபடி பேசப் பழக்குவது அவள் தொழில். மாமியார் இடுப்பு எலும்பு முறிந்து படுத்தபோது ஆஸ்பத்திரி வேலையை விட்டாள். அவர் எழுந்து நடமாடத் தொடங்கியதும், படுக்கையறை மூலையில் லேப்டாப்பை வைத்து வீடியோவிலேயே பயிற்சி கொடுக்க ஆரம்பித்தாள். தெருவே அவளை டீச்சர் என்றது.

அவளிடம் பயின்றவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வரும். அன்று மல்லுக்கட்டி ஒரு சொல்லைத் தொண்டைவரை கொண்டுவந்துவிட்டார். அந்த நேரம் பார்த்துப் படம் அப்படியே நின்றுபோனது. மறுபடி இணைப்பு கிடைத்தபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"நீங்க பாதியில எழுந்து போயிட்டீங்கன்னு கோவம் டீச்சர்," என்றார் அவர் மனைவி.

மாதம் பாதிகூட ஆகவில்லை. அதற்குள் டேட்டா தீர்ந்து, இணைய வேகம் நத்தையாகியிருந்தது. போன மாதமும் இதே கூத்து. வைஃபை பாஸ்வேர்டு வீட்டுக் கதவு எண்தான், யாரும் ஊகித்துவிடலாம். புதிதாக மாடிக்குக் குடிவந்த முடிதிருத்துபவர்மேல் அவளுக்குச் சந்தேகம். நேரே போய்க் கேட்டும்விட்டாள்.

அவர் சட்டைப்பையிலிருந்து பட்டன் போனை எடுத்துக் காட்டினார். "இதுல வைஃபை எங்க வரும் அக்கா?"

"மன்னிச்சுக்குங்க தம்பி," என்று அசடு வழிய இறங்கி வந்தாள்.

வந்த கையோடு கூடுதல் டேட்டா போட்டாள். நீளமான பாஸ்வேர்டு ஒன்றை வைத்தாள். வீட்டிலிருந்த அத்தனை கருவிகளும் ஒரேயடியாக இணைப்பு அறுந்து நின்றன. "என் சீரியல் எங்கடி?" என்று மாமியார் கூடத்திலிருந்து குரல் கொடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்க அத்தை."

ஒவ்வொன்றாக இணைத்து, எது எவ்வளவு இழுக்கிறது என்று லேப்டாப்பில் ரவுட்டரின் கணக்கைப் பார்த்துக்கொண்டே வந்தாள். சீரியல்கூட அவ்வளவு இழுக்கவில்லை. கடைசியில் வாசல் கேமராவை இணைத்ததும் எண் கிடுகிடுவென்று ஏறியது. செருப்பு திருடுபோனதால் கணவன் மாட்டிய கேமரா அது. ஆளில்லாத வாசலை நாள் முழுக்கப் படம்பிடித்து எங்கேயோ அனுப்பிக்கொண்டிருந்தது.

"செருப்பைக் காப்பாத்தி டேட்டாவைக் கோட்டை விட்டிருக்கேன்," என்று சிரித்தபடி தலையைச் சொறிந்தான் லாரி மெக்கானிக்கான கணவன்.

"அது மட்டுமில்லைங்க. கேமராவோட பாஸ்வேர்டும் பெட்டியில வந்ததேதான். எவன் வேணும்னாலும் நம்ம வாசலைப் பாத்திருக்கலாம்."

அவன் சிரிப்பு அடங்கியது. இருவருமாக உட்கார்ந்து அதையும் மாற்றி, ஆள் நடமாடினால் மட்டும் பதிவாகும்படி வைத்தார்கள்.

டிரைவரைச் சமாதானப்படுத்தத்தான் நாளாயிற்று. தினமும் பொறுமையாகப் பேச்சுக் கொடுத்தாள். படம் ஒருமுறைகூட நிற்கவில்லை. ஒரு நாள் காலைப் பயிற்சியின்போது, மனைவி நீட்டிய காபி டம்ளரை வாயில் வைத்தவர் முகம் சுளித்தார்.

"ஆ... ஆறிப்போச்சு."

மனைவிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "வாய் திறந்ததும் குறைதானா?"

"நீங்க காபியைச் சூடு பண்ணிட்டு வாங்கம்மா," என்றாள் டீச்சர். "ஐயா, அதையே இன்னொரு தடவை சொல்லுங்க. அவசரமே இல்லை."