மேகம் என்று நான் வாசித்த பக்கம்

அந்தப் பொட்டலத்தைப் பிரித்தது நான்தான். பழுப்புக் காகிதத்தில் சுற்றி, சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தது. மூலைகள் ஈரத்தில் ஊறிப் பிய்ந்திருந்தன. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்து, கொழும்பில் கிடந்து, ஹட்டன் வழியாக நோர்வூட் தபால் கந்தோருக்கு வந்து சேர மாதக்கணக்கில் ஆகியிருந்தது. மேலே பிட்டர் அண்ணனின் பெயர் எழுதியிருந்தாலும், தபால்காரர் அதை நேரே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். இங்கிலீஷ் எழுத்தில் எது வந்தாலும் முதலில் டீச்சரிடம் காட்டுவது எங்கள் தோட்டத்து வழக்கம். உள்ளே நீல அட்டை போட்ட கனமான புத்தகம் ஒன்று இருந்தது. அட்டையில் இரண்டு வால் வைத்த ஒரு சண்டை விமானத்தின் படம். சேதி கேட்டு வந்த பிட்டர் அண்ணன் கைகளை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டுத்தான் அதை வாங்கினார். படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுதான் டீச்சர். இதுக்குத்தான் நான் வேல செஞ்சேன்" என்றார்.

நான் அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கு வந்து இரண்டாவது வருஷம் அது. ஐம்பதுகளின் பிற்பகுதி. ஹட்டனில் படித்து முடித்த கையோடு வேலை கிடைத்து வந்தவள். பள்ளியை ஒட்டிய ஒற்றை அறையில் என்னைக் குடிவைத்தார்கள். அடுத்த வீடு பிட்டர் அண்ணனுடையது. ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைக் கவனிக்கிற பிட்டர் வேலை அவருக்கு. பிள்ளைகள் இல்லை. அவருடைய மனைவியை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். நான் வந்த முதல் வாரத்திலிருந்தே, கேட்காமலே ஒரு தட்டில் சோறு எனக்கு வந்துகொண்டிருந்தது. அண்ணன் அதிகம் பேசமாட்டார். கொழுந்து உருட்டுகிற ரோலரைக் கழற்றினால் ஒவ்வொரு ஆணியையும் எண்ணெய்த் துணியால் துடைத்து, வரிசையாக அடுக்கி வைத்த பிறகுதான் அடுத்ததைத் தொடுவார். அவரைப் பற்றி எனக்கு விசித்திரமாகப் பட்டது ஒன்றுதான். தொழிலாளர் குடியிருக்கிற லயமெல்லாம் பொங்கல் பானை வைக்கிற அன்று, பூட்டிக்கிடக்கிற ஸ்டோருக்குள் தனியாகப் போய் எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பார். அக்காவும் அன்றைக்கு அடுப்பில் பால் வைப்பதில்லை. லீவு நாளில்தானே இயந்திரம் சும்மா இருக்கும் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

புத்தகம் வந்த பிறகுதான் அவர் பழைய கதையைச் சொன்னார். யுத்தத்துக்கு முன்னால் ரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் வேலை பார்த்தவர். ஜப்பான்காரன் குண்டு போட்டதும், ஆயிரமாயிரம் பேரோடு அரக்கான் மலைகளை நடந்தே கடந்து சிட்டகாங் வந்து சேர்ந்திருக்கிறார். அங்கே ஒரு விமானத் தளத்தில் அமெரிக்கச் சண்டை விமானப் படை ஒன்று இறங்கியிருந்தது. கூலிக்கு ஆள் எடுத்தார்கள். முதலில் பெற்றோல் பீப்பாய் உருட்டினார். பிறகு கை சுத்தமான ஆள் என்று கண்டு, தோட்டாக்களைச் சங்கிலியாகக் கோக்கிற கூடாரத்தில் போட்டார்கள். ஒவ்வொரு தோட்டாவையும் எண்ணெய்த் துணியால் துடைத்துக் கோக்க வேண்டும். ஒன்று கோணலாக இருந்தாலும் வானத்தில் துப்பாக்கி சிக்கிக்கொள்ளும். அந்தக் கூடாரத்துக்குப் பொறுப்பாக இருந்த அமெரிக்கச் சார்ஜன், அண்ணனைத் தன் தட்டிலேயே சாப்பிடச் சொன்ன மனிதர். யுத்தம் முடிந்த பிறகும் வருஷத்துக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்புவார். அண்ணன் இங்கே மனைவியின் சொந்தக்காரர்களை அண்டி வந்து ஸ்டோரில் சேர்ந்தபோதும் அந்த அட்டைகள் பின்னாலேயே வந்தன. அந்தப் படையில் இருந்தவர்கள் ஒன்றுகூடித் தங்கள் யுத்த காலத்தை நாள்வாரியாக எழுதி அச்சடித்தபோது, அவர்தான் ஒரு பிரதியை இவருக்கு அனுப்பியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவர்கள் வீட்டு முன்திண்ணையில், இஸ்தோப்பில் உட்கார்ந்து நான் வாசிப்பேன். இங்கிலீஷில் ஒரு பத்தி பார்த்துவிட்டுத் தமிழில் சொல்வேன். அக்கா அரிசி புடைத்துக்கொண்டே கேட்பார். அவ்வளவு மகிழ்ச்சியாக அண்ணனை நான் பார்த்ததில்லை. விமானிகளின் படங்களைத் தொட்டுத் தொட்டு ஆள் சொல்வார். "இவரு ராத்திரியில பாட்டுப் பாடுவாரு. இவரு குரங்கு வளர்த்தாரு. இவரு போனவரு வரவே இல்லைங்க." மழைக்காலத்தில் ஓடுதளம் சேறானது, சோற்றுக் கூடாரத்தைக் காற்று தூக்கிக்கொண்டு போனது எல்லாம் புத்தகத்தில் இருந்தன. அதில் இல்லாததை அண்ணன் சேர்த்துக்கொண்டார். கூலி ஆட்களைப் பற்றிப் புத்தகத்தில் ஓரிடத்தில், ஒரு வரிதான் இருந்தது. உள்ளூர் ஆட்கள் உதவினார்கள் என்று. அதை நான் வாசித்தபோது, "அது நாங்கதான்" என்று அக்காவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் புத்தகத்தை மூடும்போது, "தை மாசம் இன்னும் எம்புட்டு தூரம் டீச்சர்?" என்று கேட்டார். யுத்தம் முடிந்த வருஷத்துத் தை மாதத்தைத்தான் கேட்டார். அடுத்த வாரம் வந்துவிடும் என்றேன். அக்கா கையிலிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அண்ணன் தன் தம்பியைப் பற்றிச் சொன்னார்.

ஒரே தம்பி. அண்ணன் ரங்கூனுக்குப் போன வருஷமே அவன் மலாயாவுக்கு ரப்பர்த் தோட்ட வேலைக்குப் போயிருக்கிறான். ஜப்பான்காரன் அவனைப் பிடித்து, சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டான். அந்தக் காட்டில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்தவர்கள் போக மிஞ்சியவர்களில் அவனும் ஒருவன். பாதை முடிந்த பிறகும் அதைப் பழுதுபார்க்க வைத்திருந்தார்கள். தப்பி ஊர் திரும்பிய ஒருவர் இராமநாதபுரத்தில் இருந்த அம்மாவிடம் வந்து, நடந்ததைச் சொல்லியிருக்கிறார். மௌல்மீனுக்குத் தெற்கே ஒரு பாலத்துக்குப் பக்கத்தில், கூலி ஆட்களை ஏற்றிய ரயில் நின்றுகொண்டிருந்தது. மறுநாள் தை பிறக்கிறது. ஒரு பிடி அரிசியாவது வாங்கி வேகவைக்க வேண்டுமென்று பெட்டிக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது விமானங்கள் வந்தன.

"ரெண்டு வாலு வச்ச ஏரோப்ளேன்னு அந்த ஆளு சொன்னாராம்" என்றார் அண்ணன். "அந்தப் பக்கம் ரெண்டு வாலு வச்சது எங்க கிட்டதான் இருந்துச்சு டீச்சர். ஆனா அன்னைக்கு எங்க ஆளுங்க எங்க போனாங்கன்னு எனக்குத் தெரியாது. கூலி ஆளுக்கு யாரு சொல்லுவா. சார்ஜன் கிட்ட கேக்கவும் எனக்குத் தைரியம் வரல. புஸ்தகத்துல போட்டிருக்குமில்ல?"

போட்டிருக்கும் என்றேன்.

அந்த வாரம் முழுவதும் புத்தகம் என் அறையில் இருந்தது. திங்கட்கிழமை பள்ளி விட்டதும் அந்தத் தேதியைத் தேடி எடுத்தேன். ஆறு வரிதான். அவற்றை வாசித்தேன். பிறகு புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்த உட்கார்ந்தேன். ஒரு கொப்பிகூடத் திருத்தவில்லை. அடுத்த ஞாயிறு வரைக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் இருமுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம், அவர் என்னிடம் ஏதோ கேட்பது போல இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அவர் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். நான் அந்தப் பக்கத்தைத் திருப்பினேன். என் கண் அந்த ஆறு வரியின் மேல் ஓடியது. வாய் வேறு ஒன்றைச் சொன்னது. "அன்றைக்கு ஒரே மேகம். தெற்கே போன விமானங்களுக்குத் தரையே தெரியவில்லை. ஒன்றும் செய்யாமல் திரும்பி வந்துவிட்டன." அவ்வளவுதான் போட்டிருக்கிறதா என்று கேட்டார். அவ்வளவுதான் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் பக்கத்தைத் திருப்பினேன்.

"சரிங்க டீச்சர்" என்றார். பிறகு, "அப்ப அது வேற ஆளுங்க" என்று மெதுவாகச் சொன்னார்.

அடுத்த தைப் பொங்கலுக்கு அவர்கள் வீட்டு வாசலில் பானை வைத்தார்கள். அண்ணன் தோரணம் கட்டினார். பால் பொங்கியபோது என்னைக் கூப்பிட்டு, முதல் அகப்பையை என் தட்டில் போட்டார் அக்கா. நான் செய்தது சரிதான் என்று அன்றைக்குத் தீர்மானமாக நம்பினேன். யாருக்கும் கெடுதல் இல்லாத ஒரு பொய், ஒரு மனிதனுக்கு நிம்மதி. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அதன் பிறகு அவர் புத்தகத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டோரில் வேலை இருக்கிறது என்று போய்விடுவார். எனக்கும் அந்த இஸ்தோப்பில் உட்காரப் பிடிக்கவில்லை. அந்த ஆறு வரியோ, நான் மறக்கப் பார்க்கப் பார்க்க, எழுத்து எழுத்தாக மனதில் ஏறிவிட்டது. கரும்பலகையில் தேதி எழுதும்போது வரும். கொழுந்து நிறுக்கிற இடத்தில் கூட்டம் கலைந்து ஓடினால் வரும். ரயில் பாலத்தைக் கடக்கிற சத்தம் கேட்டால், தரையில் ஓடுகிறவர்களை நான் மேலே இருந்து பார்ப்பது போல இருக்கும்.

ஐந்தாறு வருஷம் இப்படிப் போனது. அண்ணன் இந்தியப் பாஸ்போட்டில் இருந்தவர். அறுபதுகளில் ஒரு வருஷம் அவருடைய இருப்பு அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். மூன்று மாதத்தில் இந்தியாவுக்குக் கிளம்ப வேண்டும். பெட்டி கட்டுகிற வேலைக்கு நான் போய் உதவினேன். அண்ணன் ஸ்டோரில் சாவிகளை ஒப்படைக்கப் போயிருந்தார். அக்கா ஒரு பழைய சேலையில் அந்தப் புத்தகத்தைச் சுற்றி என்னிடம் நீட்டி, "இத நீங்களே வச்சுக்கங்க. அவரு வேணாங்கிறாரு" என்றார். ஏன் என்று கேட்டேன். அக்கா சேலை முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"மேகமா இருந்தா துப்பாக்கி சுட்டிருக்காதுல்ல டீச்சர். அன்னைக்கு அம்புட்டு ஏரோப்ளேனும் ஒரு தோட்டா மிச்சமில்லாம திரும்பி வந்துச்சாம். திரும்ப அத்தன தோட்டாவையும் கோத்தது இவருதானே. அதனால நீங்க வாசிச்ச அன்னைக்கே அவருக்குத் தெரியும்."

பிறகு ஏன் பொங்கல் வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க சந்தோசப்படணும்னுதான். சின்னப் பொண்ணு, நமக்காக பொய் சொல்லிருச்சு, தெரிஞ்சா அது மனசு ஒடஞ்சு போகும்னாரு." முடிச்சை இறுக்கிக் கட்டிவிட்டு அக்கா சொன்னார்: "உங்களக் குத்தம் சொல்லல. ஆனா உள்ளதச் சொல்லிருந்தா, அந்த மனுசன் ஒரு தடவையாவது வாய்விட்டு அழுதிருப்பாரு. அதுக்கப்புறம் எங்கிட்டகூட அந்தப் பேச்ச எடுக்கல."

மறுநாள் காலை ஹட்டன் ஸ்டேஷனில் அவர்களை வழியனுப்பப் போனேன். மேடை நிறைய ஆட்கள். இரும்புப் பெட்டிகள், மூட்டைகள், அழுகை. அக்கா உறவுக்காரர்களோடு நின்றுகொண்டிருந்தார். அண்ணன் தனியாக ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். நான் போய் நின்றேன். "அண்ணே, அன்னைக்கு நான் தப்பா வாசிச்சுட்டேன்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த மூட்டையைத் தள்ளி எனக்கு இடம் விட்டார். "இப்ப வாசிங்க" என்றார்.

புத்தகம் என் அறையில் இருந்தது. அது தேவைப்படவில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவே, அவர் காதுக்குக் கேட்கும்படி, ஆறு வரியையும் சொன்னேன். வானம் தெளிவாக இருந்தது. மௌல்மீனுக்குத் தெற்கே பாலத்தருகில் நின்றிருந்த ரயில் ஒன்று அகப்பட்டது. இரண்டு எஞ்சின்களும் பதினொரு பெட்டிகளும் அழிந்தன. பெட்டிகளிலிருந்து குதித்து ஓடிய சிப்பாய்கள் மேல் நான்கு முறை திரும்பத் திரும்பச் சுடப்பட்டது. நல்ல வேட்டை. நம்மவர்கள் எல்லோரும் பத்திரமாகத் திரும்பினார்கள்.

அண்ணன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "சிப்பாய்ங்கன்னா போட்டிருக்கு?" என்றார்.

"ஆமாங்கண்ணே."

"அவன் சிப்பாய் இல்ல டீச்சர். மூட்ட தூக்கறவன்." அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. மேடையில் எல்லோரும் அழுதுகொண்டிருந்ததால் யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ரயில் வந்து நின்ற பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. அக்கா வந்து கையைப் பிடித்துத் தூக்கினார். ஏறுவதற்கு முன், முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "சார்ஜனுக்கு ஒரு கடுதாசி எழுதிப் போடுங்க. கோவிச்சுக்கிட்டு எழுத வேணாம். அவன் சிப்பாய் இல்லன்னு மட்டும் எழுதுங்க" என்றார்.

எழுதினேன். நாலைந்து நாள் கிழித்துக் கிழித்து எழுதிய கடிதம் அது. கோபமில்லாமல் எழுதத்தான் அவ்வளவு நாள் ஆனது. மாதங்கள் கழித்துப் பதில் வந்தது. சார்ஜனின் கையெழுத்து பெரிதாக, பள்ளிப் பிள்ளையின் கையெழுத்து போல இருந்தது. அந்தக் கூடாரத்தில் தன்னோடு ஒரு தட்டில் சாப்பிட்ட மனிதனுக்கு தெரியாமலே இதைச் செய்திருக்கிறோம் என்று எழுதியிருந்தார். படையில் மிஞ்சியிருக்கிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை கூடி, இறந்தவர்களின் பெயர்களை எழுந்து நின்று வாசிப்பார்களாம். அந்த வரிசையில் பிட்டர் அண்ணனுடைய தம்பியின் பெயரையும் இந்த வருஷம் தானே வாசிக்கப்போவதாகவும், அதைச் சரியாக எழுதி அனுப்பும்படியும் கேட்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவனுடைய பெயர் எனக்குத் தெரியாது. அண்ணன் ஒருநாளும் தம்பி என்றல்லாமல் வேறு எதுவும் சொன்னதில்லை. அக்கா கொழுந்தன் என்பார். நானும் கேட்டதில்லை. ஸ்டோரில் விசாரித்தேன், லயங்களில் அக்காவின் சொந்தக்காரர்களைக் கேட்டேன். அவன் இந்தப் பக்கமே வந்ததில்லை, யாருக்கும் தெரியவில்லை. அண்ணன் கொடுத்துவிட்டுப் போன இராமநாதபுரத்து விலாசத்துக்கு எழுதினேன். விலாசதாரர் இங்கில்லை என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். திரும்பவும் எழுதினேன். அதுவும் வந்துவிட்டது.

சார்ஜனுக்கு நான் இன்றுவரை பதில் எழுதவில்லை. அவரும் இப்போது உயிரோடு இருக்கமாட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஹட்டனில் பாதையோரம் ஒரு வீட்டில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து வருஷம் காலையில் பெயர் கூப்பிட்டவள். என்னிடம் படித்த எத்தனையோ பிள்ளைகளின் பெயர்களை இன்றும் வரிசை மாறாமல் சொல்வேன். சில நாள் அப்படிச் சொல்லிக்கொண்டு வரும்போது நடுவில் ஓர் இடத்தில் வாய் நின்றுவிடுகிறது. அங்கே ஒருவன் நிற்பது தெரிகிறது. கூப்பிடத்தான் பெயரில்லை.