அவர் வீட்டுக் கணினியிலிருந்த நிரல்

பாணேரில் நான் வேலைக்குச் சேர்ந்த சின்ன மென்பொருள் நிறுவனத்தில் தமிழ் பேசக் கிடைத்தவர் ஒருவர்தான். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அப்பா விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், வீடு லோஹேகாவில். நான் கோர்படி ரயில்வே காலனிப் பெண். இருவர் தமிழிலும் பாதி ஹிந்திதான். இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடங்கள் ஆகியிருந்தன.

சிறு தொழிற்சாலைகள் தங்கள் கிடங்கில் எந்தச் சரக்கு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளும் மென்பொருள்தான் எங்கள் பிழைப்பு. விஷுவல் பேசிக்கில் அதை அநேகமாக அவர் ஒருவரே எழுதியிருந்தார். ஊரெல்லாம் ஜாவா ஜாவா என்று வகுப்புகளுக்கு ஓடிக்கொண்டிருந்த நேரம். அவர் அசையவில்லை.

"காலையில ஆரம்பிச்சா சாயங்காலம் கஸ்டமர் முன்னாடி ஓடணும். அதுதான் எனக்கு லாங்குவேஜ்," என்பார்.

எனக்குப் பிடித்திருந்தது வேறொன்று. சி.வி.எஸ். என்று இலவசமாகக் கிடைத்த ஒரு கருவி. யார் எந்த வரியை மாற்றினாலும் அதைப் பொதுவான ஓரிடத்தில் சேர்த்துவைக்கும். பழையது வேண்டுமென்றால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மூலையில் கிடந்த ஒரு கணினியில் அதை நிறுவி, என் நிரல்களை அதில் போட்டுவந்தேன். அவரையும் போடச் சொன்னேன்.

"பண்ணலாம், கொஞ்சம் ருக்கோ. இந்த ரிலீஸ் முடியட்டும்."

மழைக்காலத்தில் ஒரு மாலை, வீட்டுக்குப் போகும் வழியில் நெடுஞ்சாலையில் அவருடைய பைக் வழுக்கிவிட்டது. மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் முன்பே இறந்துவிட்டார்.

சில வாரங்களில் ஒரு வாடிக்கையாளரிடம் இருப்புக் கணக்கு தவறாக வரத் தொடங்கியது. உடனே திருத்த வேண்டும். அவருடைய அலுவலகக் கணினியைத் திறந்தால் நியூ, நியூ டூ, ஃபைனல் என்று ஒரே நிரலுக்குப் பல நகல்கள். வாடிக்கையாளரிடம் ஓடிக்கொண்டிருந்ததோடு எதுவும் ஒத்துப்போகவில்லை. கடைசி மாற்றங்களை அவர் வீட்டில் உட்கார்ந்துதான் செய்தார் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மேலாளர் என்னைக் கூட்டிக்கொண்டு லோஹேகாவ் போனார்.

கணினி மேசையில்தான் அவர் படத்தை வைத்து மாலை போட்டிருந்தார்கள். மேலாளர் வந்த விஷயத்தைத் தயங்கித் தயங்கி ஹிந்தியில் சொன்னார். அப்பா குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு படத்தை இரண்டு கைகளாலும் எடுத்து அலமாரிமேல் வைத்துவிட்டு என்னிடம், "உக்காரும்மா. என்ன வேணுமோ எடுத்துக்கோ," என்றார்.

ஃப்ளாப்பிகளில் நகலெடுத்து முடிக்கும்வரை அம்மா என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தார்.

"எடுத்தா அதுல இருக்கறது போயிடாதே? அவன் போட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு."

"போகாது ஆன்ட்டி. காப்பிதான் எடுக்கறேன்."

அலுவலகத்தில் வந்து இயக்கிப் பார்த்தால் ஒரு துணைக்கோப்பு குறைந்தது; அது இல்லாமல் நிரல் ஓடாது. அதை வேறு எந்த ஃபோல்டரில் வைத்திருந்தாரோ. இன்னொரு முறை வரலாமா என்று கேட்கத் தொலைபேசினேன். அப்பாதான் எடுத்தார்.

"மெஷின் ஸ்லோவா இருக்குன்னு என் தம்பி பையன் நேத்து எல்லாத்தையும் ஃபார்மேட் பண்ணிட்டாம்மா. போட்டோவும் போச்சு. நீ எடுத்துட்டுப் போனதுல ஏதாவது இருக்குமா?"

ஒவ்வொரு ஃப்ளாப்பியாகப் போட்டுத் தேடினேன். நிரல் மட்டும்தான் இருந்தது. சொன்னபோது, "சரிம்மா," என்றார். போனை வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். "அவன் எழுதினதையாவது பேப்பர்ல எடுத்துத் தர முடியுமா?"

நிறுவனம் அந்த மென்பொருளைக் கைவிட்டு, ஜாவாவில் முதலிலிருந்து எழுதச் சொன்னது. எழுதி முடிப்பதற்குள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வேறிடம் பார்த்துக்கொண்டார்கள். சி.வி.எஸ். எல்லோருக்கும் கட்டாயமானது. அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

மேலாளரிடம் கேட்டுச் சில பக்கங்களை அச்செடுத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை லோஹேகாவ் போனேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தை மெதுவாக வாசித்தார். விஷுவல் பேசிக் ஏறக்குறைய ஆங்கிலம் போலவே இருக்கும். இஃப், தென், எல்ஸ் என்று படித்துக்கொண்டே போகலாம்.

"என்ன எழுதியிருக்கான்?" என்று அம்மா கேட்டார்.

"சாமான் கொறைய ஆரம்பிச்சா முன்னாடியே சொல்லணும்னு எழுதியிருக்கான்," என்றார் அப்பா.

அடுத்த பக்கத்தை எடுத்தார். அது அவருக்கு விளங்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் விரலை வைத்துக்கொண்டு கடைசி வரி வரைக்கும் வாசித்தார்.